கரையில் படி, கடலில் பழகு

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார்கள். பாய்மரப் படகுக்குத் தலைமை தாங்கப் பயிலச் செல்வோர் இப்பழமொழியை நம்பிப் புத்தகத்தை ஒதுக்கலாகாது என்பதே எங்கள் கருத்து.

இங்கிலாந்தில் ராயல் யாட்டிங் அசோசியேஷன் வகுத்துள்ள ‘டே ஸ்கிப்பர்’ செய்முறைப் பயிற்சி 5 நாட்களே. அதற்குரிய பாடங்களைக் குளிர்காலத்தில் கற்றுக் கோடையில் படகேறுவோர் பலர். இடையில் மறதி புகுந்துவிடுகிறது. ஆகவே, படகேறுமுன் மறுபடியும் படிப்பது அவசியம்.

1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் விதிகளின்படி, இடப்பக்கம் காற்று வாங்கிச் செல்லும் பாய்ப்படகு, வலப்பக்கம் காற்று வாங்கி வரும் பாய்ப்படகுக்கு வழிவிட வேண்டும். படகுகள் நெருங்கும் வேளையில் புத்தகத்தைப் புரட்ட முடியுமா, தோழியரே?

கடல்நீர் 6 மணி நேரத்தில் 12 பங்கு வற்றுவதாகக் கொண்டால், 3, 4-ஆம் மணிகளில் மட்டுமே 6 பங்கு வற்றிவிடும் என்பது மாலுமிகளின் தோராயக் கணக்கு. இதை மறந்து ஆழமற்ற இடத்தில் நங்கூரமிட்டால் படகு தரைதட்டும்.

சுக்கான் பிடிக்கவும் பாய்க்கயிறு இழுக்கவும் கைகள் கடலில்தான் பழகும், மறுக்கவில்லை. ஆனால் அந்த 5 நாட்களும் மறந்த பாடத்தைத் தேடுவதிலேயே கழிந்தால், கைகள் எப்போது பழகும்?

தலைமை தாங்குபவளை நம்பிப் பிறரும் படகில் இருப்பர். அவர்களது உயிருக்குப் பொறுப்பேற்கும் கடமை, கரையில் புத்தகத்தைத் திறக்கும்போதே தொடங்கிவிடுகிறது.