ஆவாரைக்கு ஓர் இடம்

பல்லாண்டுப் பூச்செடி என்றதும் தோட்டக்கலை ஆர்வலர் பலர் விரும்புவது எக்கினேசியா. ஊதா இதழ்களின் நடுவே கூம்பாக உயர்ந்து நிற்கும் இம்மலரின் தாயகம் வட அமெரிக்கப் புல்வெளிகள். அங்கே குளிர்காலத்தில் தண்டு கருகினாலும், வேர் உறங்கிக் கிடந்து வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். அத்தகைய கடுங்குளிர் ஐதராபாத்தில் இல்லை. மே மாதத்தில் 40 பாகையைத் தாண்டும் வெயிலே உண்டு. விதை உறையில் அச்சிட்ட ‘பல்லாண்டு’ என்னும் சொல், அது விளைந்த மண்ணுக்கே பொருந்தும்.

தக்காணத்தின் செம்மண்ணுக்கும் அதற்கேற்ற பல்லாண்டுச் செடி உண்டு. அதுவே ஆவாரை. தெலுங்கில் தங்கேடு எனப்படும் இதனை 2014-இல் தெலங்கானா தன் மாநில மலராக ஏற்றது. பதுக்கம்மா விழாவின் ஒன்பது நாட்களும் பெண்கள் ஆவாரம்பூவையும் குனுகு, சாமந்தி முதலிய மலர்களையும் கூம்பாக அடுக்கி, சுற்றி நின்று பாடி, நிறைவில் நீர்நிலையில் விடுகின்றனர். நமக்கும் இது புதிய மலரன்று. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் ஆவிரை உண்டு; கொங்கு நாட்டில் பொங்கலுக்குக் காப்புக் கட்டவும் இதுவே வேண்டும்.

ஆயினும், ஆவாரை தானாக வளர்ந்த தரிசுகள் இன்று மனைகளாகிவிட்டன. விழாக்காலத்தில் நகரவாசிகள் அம்மலரை விலைகொடுத்து வாங்குகின்றனர். அதற்காக எஞ்சிய புதர்கள் கிளையோடு வெட்டப்படுகின்றன. அதே நகரின் குடியிருப்பு வளாகங்களிலோ, ஆண்டுதோறும் வாடும் பருவச் செடிகளுக்குப் பணம் செலவாகிறது. இம்முரண்பாட்டைக் களைவது நம் கையில் உள்ளது.

வளர்ப்பதும் எளிது. விதையின் தோல் கடினமானது; ஆகவே வெந்நீர் ஊற்றி ஓரிரவு ஊறவிட்டு, சூன் மாத மழையில் விதைக்கலாம். வேர் ஆழமாக இறங்குவதால், நிலையான இடத்திலேயே ஊன்றுவது நன்று. முழு வெயிலும் நீர் தேங்காத நிலமும் போதும். வேரூன்றிய பின் தண்ணீர் மிகக் குறைவாகவே தேவைப்படும். பூத்து முடிந்ததும் கவாத்து செய்தால் புதர் அடர்ந்து வளரும்.

எக்கினேசியாவை விரும்புவோர் ஒரு தொட்டியில் முயன்று பார்க்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் தோட்டத்தின் நிலையான இடம் ஆவாரைக்கு உரியதாகட்டும். ஒருமுறை இட்ட சிறு முதல் ஆண்டுதோறும் பொன்னாகத் திரும்புவதை வாசகர்கள் தம் வாயிலிலேயே காணலாம். விழாநாளில் அண்டை வீட்டுப் பெண்கள் கூடை ஏந்தி வந்தால், அவர்களுக்கும் அள்ளிக் கொடுக்கலாம்.