கேள்வி-பதில்: ஆடு, மாடு இருக்கும் இடத்தில் அரளி நடலாமா?

'அரை ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. திருத்தணி முருகன் கோயிலுக்கும் ஆடிக் கிருத்திகைக்கும் பூ தேவைப்படுவதால் செவ்வரளி நட விருப்பம். வீட்டில் ஆடுகளும் கறவை மாடுகளும் உள்ளன. ஆபத்து உண்டா?'
- வாசகர், பொதட்டூர்பேட்டை

பதில்: நடலாம். ஆனால், வேலியையும், வெட்டிய கிளைகளைப் போடும் இடத்தையும் முதலில் முடிவு செய்துவிட வேண்டும்.

அரளி, நித்யகல்யாணி, நந்தியாவட்டை, பொன்னரளி எல்லாம் 'அப்போசைனேசியே' என்ற ஒரே தாவரக் குடும்பம். முன்பு தனிக் குடும்பமாக இருந்த எருக்கும், சிறுகுறிஞ்சானும் இப்போது இதில்தான் சேர்க்கப்பட்டுள்ளன. கிள்ளினால் பால் வடியும். மொட்டில் இதழ்கள் முறுக்கியிருக்கும். இந்தக் குடும்பத்தின் பல செடிகளில் மருந்தும் விஷமும் ஒன்றாகவே இருக்கின்றன. நித்யகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் எடுக்கப்படுகின்றன.

அரளியின் இலை, தண்டு, பூ, வேர் எல்லாமே விஷம். அது இதயத்தைத் தாக்கும். பச்சை இலை கசப்பதால் ஆடு, மாடு பெரும்பாலும் தொடாது. கவாத்து செய்து போட்ட கிளை காய்ந்ததும் கசப்பு குறையும்; விஷம் குறையாது. அப்போதுதான் ஆபத்து அதிகம். ஒரு கைப்பிடி காய்ந்த இலையே ஓர் ஆட்டைக் கொல்லப் போதும்.

எனவே, கவாத்துக் கழிவை அன்றே அள்ளி, மேய்ச்சலுக்கு எட்டாத குழியில் புதைக்க வேண்டும். தீவனப் பயிரின் ஓரத்திலோ, தண்ணீர்த் தொட்டி அருகிலோ அரளி கூடாது. அடுப்பில் எரிக்கவும் கூடாது, புகையும் கெடுதல். பூ பறித்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

நடவுக்கு ஜூன், ஜூலை மாதங்கள் ஏற்றவை. ஓரடி ஆழக் குழி எடுத்து, 2 மீட்டர் இடைவெளியில் வேர்விட்ட குச்சிகளை நடலாம். தண்ணீர் தேங்கக் கூடாது. மாலைக்கு மொட்டாகவே பறிக்க வேண்டும். மஞ்சள் நிற அசுவினி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

தின்ற ஆடு எச்சில் வடிக்கும், கழியும், தள்ளாடும். அந்த நேரத்தில் கைவைத்தியம் பார்த்துக் காலத்தைக் கடத்தாமல், கால்நடை மருத்துவரை உடனே அழைத்து 'அரளி தின்றது' என்று சொல்லிவிட வேண்டும். வாயில் மிச்சமிருக்கும் இலையை எடுத்துவிட்டு, ஆட்டை ஓடவிடாமல் நிழலில் கட்டி வைக்கலாம்.