புத்தகம் வீட்டுக்குப் போகட்டும்



ஏப்ரல் பாதியைத் தாண்டிவிட்டால் எங்கள் தபால் பையில் ஒரே மாதிரியான கடிதங்கள் சேரத் தொடங்கும். பரீட்சை முடிந்துவிட்டது, பிள்ளைகள் நாள் முழுக்கக் கைபேசியும் கையுமாக இருக்கிறார்கள், லீவில் எந்த வகுப்பில் சேர்த்துவிடலாம் என்று பெற்றோர் கேட்டிருப்பார்கள். சென்னையிலோ கோவையிலோ இருப்பவர்களுக்குப் பதில் எழுதுவதில் சிரமமில்லை. நீச்சல், கராத்தே, ஓவியம், கீபோர்டு என்று அங்கே தெருவுக்குத் தெரு பலகை தொங்குகிறது. எழுதுகிறவர்களில் பலரும் பேரூராட்சிகளிலும் சின்ன நகராட்சிகளிலும் குடியிருப்பவர்கள். அங்கே வகுப்புகள் குறைவு. இருக்கிற ஒன்றிரண்டுக்கும் கட்டணம் கட்டுவது எல்லா வீட்டுக்கும் ஆகிற காரியமில்லை.

இந்த மாதப் பக்கம் அவர்களுக்காக. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஒரு பொது நூலகம் இருக்கிறது. இந்த மே மாதத்தில் பிள்ளையை அங்கே அழைத்துப் போங்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னாலோ பேரூராட்சி அலுவலகத்தை ஒட்டியோ அது இருக்கும். வாசலில் நாலைந்து சைக்கிள், உள்ளே நாளிதழ்களைப் பங்கு போட்டுப் படிக்கும் பெரியவர்கள், நீள மேசையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். தினமும் அதைக் கடந்து போகிறவர்கள்கூட அது தங்களுக்கானது என்று நினைப்பதில்லை. ஆனால் அதற்குப் பணம் கட்டுகிறவர்கள் நாம்தான். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. இதற்கு அடிப்படை, 1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் அதுதான் முதல் சட்டம். இன்று தமிழ்நாட்டில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எல்லாம் சேர்த்து 4,500க்கும் மேல் இருக்கின்றன.

கோடையில் இவற்றுக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தைப் பல ஆசிரியர்கள் மனதாரப் பாராட்டி எங்களிடம் பேசியிருக்கிறார்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்து, மெல்லிய கதைப் புத்தகங்களை அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் கொடுத்த நல்ல காரியம் அது. ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களும் வகுப்பறைக்குப் போகின்றன. ஆனால் ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டப்படும்போது அந்தப் புத்தகங்களும் உள்ளே வைத்துப் பூட்டப்படுகின்றன. பிள்ளைக்கு வாசிக்க நேரமே இல்லாத பத்து மாதம் புத்தகம் அருகில் இருக்கிறது. நேரம் கொட்டிக் கிடக்கும் மே மாதத்தில் கைக்கெட்டாமல் போகிறது. மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டித் தட்டுத்தடுமாறிப் படிக்கத் தொடங்கிய பிள்ளை, ஒரு மாதத்துக்கு மேல் ஒரு வரிகூடப் படிக்காமல் இருந்தால் ஜூனில் மறுபடி தடுமாறும். வீட்டில் புத்தக அலமாரி உள்ள பிள்ளைகளுக்கு இந்த இடைவெளி தெரியாது. இல்லாத பிள்ளைகளுக்கு ஊர் நூலகத்தை விட்டால் வேறு வழியில்லை.

போன வருடம் டெல்டா பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாசகர் வட்டத்தார் நடத்திய கோடை முகாமைப் பார்க்கப் போயிருந்தேன். அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த நாள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று காலை எட்டு மணிக்கெல்லாம் தொடங்கிவிட்டார்கள். வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் குவிந்து கிடந்தன. நூலகத்தின் பக்கவாட்டில் வேப்பமரத்தடியில் பாய் விரித்து, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். காகித மடிப்பு, சதுரங்கம், ஓவியம், பழைய செய்தித்தாளில் முகமூடி செய்வது என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று வைத்திருந்தார்கள். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு நடந்ததுதான் என் மனதில் நிற்கிறது. பத்து வயதிருக்கும் ஒரு பெண், இடுப்பில் தம்பியோடு வந்திருந்தாள். அம்மா வயல் வேலைக்குப் போய்விடுவதால் அவனை விட்டுவிட்டு வர முடியாது. மற்ற பிள்ளைகள் கலைந்த பின் நடைப் படியில் அவனை உட்கார வைத்து, யானைக் கதை ஒன்றைச் சத்தமாகப் படித்தாள். வெயிலுக்குள் வீட்டுக்குப் போக வேண்டுமே என்ற அவசரத்தில் ஒரு பக்கத்தைச் சேர்த்துத் தள்ளிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் இன்னும் கால் வைக்காத அந்தப் பையன் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, பக்கத்தைத் திருப்பி, முதலை வந்த படத்தில் விரலை வைத்தான். அந்தக் கதை அவனுக்கு மனப்பாடம். எத்தனை முறை படிக்கச் சொல்லியிருப்பான்! அவள் அலுத்துக்கொள்ளாமல் முதலையிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோடை முகாம் என்றதும் நம் ஊர்களில் பலரும் நிகழ்ச்சி நிரலைத்தான் நினைக்கிறார்கள். சிறப்பு விருந்தினர், பொன்னாடை, பேச்சுப் போட்டி, சான்றிதழ், கடைசியில் குழுப் படம். பிள்ளைகளைக் கூட்டி வர இவையும் ஓரளவு உதவும், நான் குறை சொல்லவில்லை. மடித்த காகிதக் கொக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர் யாரும் குறை சொல்ல மாட்டார். ஆனாலும் முகாம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளையின் கையில் ஒரு புத்தகம் இருக்க வேண்டும். அதை அதுவே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். முகாம் நடத்துகிற வாசகர் வட்டத் தோழர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான்: கடைசி அரை மணி நேரத்தை அலமாரிக்கு முன்னால் விட்டுவிடுங்கள். இதை எடு, அதை எடுக்காதே என்று சொல்லாமல், பிள்ளைகள் புத்தகங்களைக் கலைத்துப் போட்டுத் தேடட்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சிறுவர் புத்தகங்கள் உள்ள கண்ணாடி அலமாரிக்குப் பூட்டுப் போட்டிருப்பதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். கோபப்படுவதற்கு முன் நூலகரின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். பல இடங்களில் அவர் தனி ஆள். திறப்பதும் அவர்தான், பதிவேடு எழுதுவதும் அவர்தான், அடுக்குவதும் அவர்தான். தணிக்கையின்போது காணாமல்போன புத்தகத்துக்கு அவரைத்தான் கணக்குக் கேட்பார்கள். அப்படியிருக்க, ஏழு வயதுப் பிள்ளையிடம் வண்ணப் படப் புத்தகத்தைக் கொடுத்தனுப்ப அவர் தயங்குவதில் ஆச்சரியமில்லை. பிள்ளைகள் படித்து நைந்துபோகும் புத்தகங்களுக்கென ஆண்டுதோறும் ஒரு பங்கைத் தாராளமாகக் கழித்துக்கொள்ள மேலிடம் இடம் கொடுக்க வேண்டும். நான்கு கோடையில் நாற்பது பிள்ளைகள் படித்துக் கிழிந்த புத்தகம் நல்ல வேலை செய்து முடித்த புத்தகம். அதை இழப்பு என்று எழுதக் கூடாது.

சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்த எஸ். ஆர். ரங்கநாதன் இதைத்தான் வாழ்நாளெல்லாம் வலியுறுத்தினார். நூலகத்துக்கான ஐந்து விதிகளை அவர் 1931இல் நூலாக எழுதினார். புத்தகம் பயன்படுவதற்காகவே இருக்கிறது என்ற கருத்துக்குத்தான் முதலிடம் கொடுத்தார். பழைய ஐரோப்பிய நூலகங்களில் புத்தகங்களைச் சங்கிலி போட்டுப் பிணைத்திருந்த கதையை அங்கே விவரிக்கிறார். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். மின்விசிறியும் தார்ச்சாலையும் இல்லாத காலத்தில் புத்தகம் வாசகரைத் தேடி வண்டி கட்டிப் போயிருக்கிறது.

இன்னொரு சிக்கல், சத்தம். போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்களுக்கு ஊர் நூலகம்தான் ஒரே படிப்பறை. பலரின் வீட்டில் தனி மேசை கிடையாது. இருபது பிள்ளைகள் ஒன்றாகச் சிரித்தால் அவர்கள் படிப்பு கெடும், அவர்கள் முகம் சுளிப்பதிலும் நியாயமிருக்கிறது. நான் பார்த்த ஊரில் இதை அழகாகத் தீர்த்திருந்தார்கள். கதையும் விளையாட்டும் மரத்தடியில். புத்தகம் எடுக்க மட்டும் நாலைந்து பேராக உள்ளே வருவார்கள். தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருவரே வாரம் ஒருநாள் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்தார். மரமில்லாத நூலகங்கள் பக்கத்துப் பள்ளியின் தாழ்வாரத்தையோ சமுதாயக் கூடத்தையோ கேட்டு வாங்கலாம்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முகாமுக்குத் தம்பியோடு வந்த அந்த அக்காவைப் போல, லீவு விட்டதும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலை பல பெண் குழந்தைகளின் தலையில் விழுகிறது. கைக்குழந்தையோடு வராதே என்று சொன்னால் அவள் வரவே மாட்டாள். நூலகத்தில் கழிப்பறை இல்லை என்றாலும் வர மாட்டாள், வந்தாலும் நெடுநேரம் இருக்க மாட்டாள். குடிக்கத் தண்ணீர், பூட்டாத கழிப்பறை, ஓடுகிற மின்விசிறி என்ற இந்த மூன்றும் இல்லாத இடத்தில் எந்தக் கதைசொல்லியை அழைத்து வந்தும் பயனில்லை. இதைப் படிக்கும் பேரூராட்சித் தலைவர்களும் கவுன்சிலர்களும் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவர வேண்டுகிறேன்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று திறக்கும் இடங்களும் உண்டு. வாசல் பலகையைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை அழைத்துப் போங்கள். காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் மிகக் குறைவு. உறுப்பினர் அட்டையைப் பிள்ளையின் பெயரிலேயே எடுங்கள். தன் பெயர் எழுதிய அட்டையை அது தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தயவுசெய்து ஒதுங்கி நில்லுங்கள். காமிக்ஸ் எடுத்தாலும் பேய்க் கதை எடுத்தாலும் போன வாரம் படித்ததையே மறுபடி எடுத்தாலும் எடுக்கட்டும். கதையிலிருந்து என்ன நீதி கற்றாய் என்று கேட்காதீர்கள், வாசித்த கையோடு பரீட்சை வைத்தால் புத்தகத்தின் மேலேயே பயம் வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் சத்தமாகப் படிப்பதற்கென்றே பிறந்தவை. சாகசம் கேட்கும் பிள்ளைக்கு வாண்டுமாமா. இப்போது எழுதுகிறவர்களில் உதயசங்கர், யூமா வாசுகி, விழியன், ஆயிஷா இரா. நடராசன் ஆகியோரின் புத்தகங்கள் இருக்கின்றனவா என்று நூலகரிடம் கேளுங்கள், இல்லையென்றால் தருவிக்கும்படி எழுதிக் கொடுங்கள். பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளாக உருவாக்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியம் உங்கள் ஊரில் இருந்தால் அது உங்கள் பிள்ளைகளின் அதிர்ஷ்டம். தகவல்கள் பழையவைதான், ஆனால் ஒரு பிள்ளைக்கு உலகத்தை எப்படிப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டியை நான் பார்த்ததில்லை.

பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்ட வாசகர்களும் நமக்கு நிறைய உண்டு. வாரத்தில் ஒருநாள், ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமானால் நூலகரைப் போய்ப் பாருங்கள். கதை சொல்லத் தெரியாவிட்டால் படித்துக் காட்டலாம், அதுவும் வேண்டாமென்றால் கிழிந்த புத்தகங்களுக்குப் பசை தடவி அட்டை ஒட்டலாம். 1,000 ரூபாய் செலுத்தினால் நூலகப் புரவலர் ஆகலாம். புத்தகமாகக் கொடுப்பவர்கள் பழைய கைடுகளையும் காலாவதியான பாடநூல்களையும் மூட்டை கட்டி இறக்கிவிடாமல், இரண்டே இரண்டு புதிய சிறுவர் கதைகளை வாங்கிக் கொடுங்கள். நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டு தரும் நூலக நண்பர்கள் திட்டமும் நடப்பில் உள்ளது. உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் நூலகரிடம் சொல்லுங்கள்.

நாங்களும் எங்கள் பங்குக்கு ஒன்று செய்கிறோம். ஜூலை இதழில் எட்டுப் பக்கங்களைப் பிள்ளைகளுக்காக ஒதுக்கியிருக்கிறோம். இந்த விடுமுறையில் ஊர் நூலகத்திலிருந்து எடுத்துப் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றிப் பிள்ளைகள் எங்களுக்குக் கடிதம் எழுதலாம். பிடித்திருந்தால் ஏன், பிடிக்கவில்லை என்றால் ஏன், யாருக்கு அதைப் படித்துக் காட்டினாய் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். படம் வரைந்தும் அனுப்பலாம். பரிசு, முதலிடம், இரண்டாமிடம் எதுவும் கிடையாது. வந்து சேரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் எங்கள் ஆசிரியர் குழுவிலிருந்து ஒருவர் கையால் பதில் எழுதுவார். வயது, வகுப்பு, நூலகம் இருக்கும் ஊர் ஆகியவற்றை மறக்காமல் குறிப்பிடுங்கள். பெரியவர்கள் பிழை திருத்தி அனுப்ப வேண்டாம், பிள்ளை எழுதியது எழுதியபடியே எங்களுக்கு வேண்டும். கடிதங்கள் ஜூன் 10ஆம் தேதிக்குள் வந்து சேர்ந்தால் அச்சுக்குப் போக வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்