உக்கடம் படித்தாயிற்று, அடுத்து பேரூர்



பள்ளி திறந்த சில வாரங்களிலேயே இப்படிக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும்: "பையன் ரெண்டாவது போறானுங்க. அ, ஆ எல்லாம் கடகடன்னு சொல்றான். புத்தகத்தைக் கொடுத்தா படிக்கத் தெரியலைங்க."

பிள்ளையிடம் குறை ஒன்றுமில்லை. 247 எழுத்தையும் ஒப்பித்த பிறகுதான் சொல்லுக்குப் போகவேண்டும் என்று நாம்தான் அவனைக் காக்கவைக்கிறோம். ப, ட, ம, கூடவே புள்ளி. இவ்வளவு தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று அன்றைக்கே படிக்கலாம். திணறல் கொம்பில்தான் வரும். 'கெ' எழுத்தில் கொம்பு முதலில் கண்ணில் படுகிறது. அதன் ஓசையோ பின்னால் வருகிறது. ஆறு வயதுக் கண்ணுக்கு அது லேசான வேலையில்லை. அங்கே அவசரப்படுத்தாதீர்கள். அடிக்கவே அடிக்காதீர்கள்.

வீட்டில் புத்தகம் இல்லாவிட்டாலும் கோவை டவுன் பஸ் இருக்கிறது. 'உக்கடம்' போர்டில் கொம்பும் இல்லை, காலும் இல்லை. முதல் வகுப்புக் குழந்தையே எழுத்துக்கூட்டிவிடும். அடுத்து பேரூர், பிறகு சிங்காநல்லூர். 'பெரியநாயக்கன்பாளையம்' தடங்கலில்லாமல் வந்துவிட்டால் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுங்கள்!

பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர்தான் பெரியசாமி தூரன். மொடக்குறிச்சிப் பக்கம் பிறந்தவர். பெரியவர்களுக்கான தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் 1968-ல் முடித்தவர், ஓய்ந்து உட்காரவில்லை. அதே ஆண்டில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கி, 1976-க்குள் அதையும் பத்துத் தொகுதிகளாக நிறைவு செய்தார். அறிஞர்களுக்குச் செலவிட்ட அதே உழைப்பு குழந்தைகளுக்கும் உரியது என்று நினைத்த மனிதர் நம் மண்ணில் இருந்தார் என்பதில் எனக்குப் பெருமை.

இன்று அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் போகும் சின்னச் சின்னப் புத்தகங்கள். அவை பீரோவில் பூட்டிக் கிடந்தால், பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். கிழிந்தால் கிழியட்டும்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் டிவியை நிறுத்திவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, வரிக்கு அடியில் விரலை நகர்த்திக்கொண்டே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நேற்றுப் படித்த கதையையே திரும்பக் கேட்டால் சலிக்காமல் படியுங்கள். தெரிந்த கதையில்தான் தெரியாத எழுத்து பிடிபடும். வீட்டில் அப்புச்சிக்குப் படிக்கத் தெரியாதா? பேத்தி படிக்கட்டும், அவர் 'உம்' கொட்டட்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை முதன்முதலாகத் தானே படித்த சொல் எது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் அதற்கென்று ஒரு பக்கம் வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்