மண்ணெண்ணெய் குடித்த மோட்டார்

மாணவ நேயர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். அவருடைய அப்பப்பா ஓட்டிய மொறிஸ் மைனர் கார் வளவின் மூலையிலுள்ள தகரக் கொட்டிலில் பல ஆண்டுகளாக நிற்கிறதாம். பழைய இரும்பு வாங்குவோர் வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கின்றனர். வீட்டிலேயே அதைத் திருத்தி ஓடச் செய்யலாமா, அல்லது வந்த விலைக்குத் தள்ளிவிடுவதுதான் புத்தியா என்பது அவர் வினா.

விற்க வேண்டாம் என்பதே நமது கட்சி. ஆயினும் பாசம் மட்டும் காரைத் திருத்தாது. அந்தக் கார் இத்தனை காலம் எவ்வாறு தப்பிப் பிழைத்தது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். எங்கே பழுது இருக்கும் என்பதையும் அந்தக் கதையே காட்டிக் கொடுக்கும்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் பற்றறியும் வருவது தடைப்பட்டதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களில் குடாநாட்டு வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற பழைய வண்டிகளே. காபரேற்றருக்குச் சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். வண்டி போனபின்னும் அதன் புகை ஒழுங்கையில் நின்றது.

புதிய ஜப்பானியக் கார்கள் தடுமாறிய இடத்தில் இந்தக் கிழங்கள் எப்படி ஓடின? அதற்கு விடை இங்கிலாந்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1953 வரை, அந்நாட்டில் கிடைத்தது ‘பூல்’ எனப்பட்ட தரங்குறைந்த பெற்றோல் ஒன்றே. 1947இல் வந்த ஏ40 டெவனும், 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமான மொறிஸ் மைனரும் அந்தப் பெற்றோலுக்கு ஏற்பவே அமைக்கப்பட்டன. சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் கலந்த ஆவியை அவை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக மட்டுமே அமுக்கின. அமுக்கம் மிகுந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் உரிய கணத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்ரனை அடிக்கும். இவற்றிலோ அது ஓரளவு சாந்தமாக எரிந்தது. பற்றறி நலிந்தபோதும் முன்புறத்திற் கைபிடியைச் செருகிச் சுழற்றிக் கிளப்ப முடிந்தது. பஞ்சத்துக்கென்று பிறந்த வண்டி பஞ்சத்திற் கைகொடுத்தது எனலாம்.

ஆனால் அது இலவசமாகக் கைகொடுக்கவில்லை. மண்ணெண்ணெய் முழுவதும் ஆவியாவதில்லை. எஞ்சியது பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலந்தது. ஓட ஓட ஒயில் குறைய வேண்டியிருக்க, அளவுகோலிற் பார்த்தால் மட்டம் ஏறி நிற்கும்! நீர்த்த ஒயிலால் தண்டின் பேரிங்குகள் தேய்ந்தன. வால்வுகளின் மேல் கரி கல்லாய் இறுகியது.

ஆகையால் கொட்டிலில் நிற்கும் காரை ஆவலோடு உடனே கிளப்ப முயல வேண்டாம். பழைய ஒயிலை வடித்துவிடுங்கள். பிளக்குகளைக் கழற்றி அத்துவாரங்களில் சிறிது ஒயிலை ஊற்றி இரண்டொரு நாள் ஊறவிட்ட பிறகு, கைபிடியால் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால் பாதி வெற்றி. சுழலாவிடில் வலிந்து திருகாமல் சிலிண்டரின் தலையைக் கழற்றுவதே முறை. தலையைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, வால்வுகளை அரைத்து உட்கார வைப்பது பொறுமையுள்ள எவரும் வீட்டில் செய்யக்கூடிய வேலை. 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் அதற்குப் பிந்தியவையும் பூட்டிய மைனரில் வால்வின் இடைவெளி 0.012 அங்குலம். அதை அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். இக்காலப் பெற்றோலில் ஈயம் இல்லாமையால் பழைய வால்வு இருக்கைகள் விரைவில் தேயலாம்.

நமது மண்ணுக்கே உரிய பிணி ஒன்றும் உண்டு. சுண்ணாம்புக் கல்லில் ஊறும் கிணற்று நீர் கேத்திலின் அடியில் என்ன செய்கிறது என்று வீட்டிலுள்ள பெண்களைக் கேளுங்கள். அதே வெண்படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைத்திருக்கும். அதைக் கழுவித் துப்புரவாக்கியபின் மழைநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ ஊற்றுவது நலம். உப்புக்காற்று தின்ற அடித்தகட்டையும் ஒரு சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மைனரில் தனிச் சட்டகம் இல்லை, தகடே எலும்பு. புதிய தகடு கிடைக்குமா என்று அஞ்ச வேண்டியதில்லை. 1990களில் நமது நாட்டின் காலிப் பகுதியிலேயே மைனரின் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

மண்ணெண்ணெய்க் காலத்திற் பூட்டிய சிறு பெற்றோற் போத்தலும் அதன் தகரப் பிடியும் காரில் இன்னும் இருக்குமானால், அசல் பாகம் அல்லவென்று கழற்றி எறிந்துவிடாதீர்கள். தொழிற்சாலை செய்தது ஒரு கார். இங்கே ஓடியது வேறொரு கார். நாம் காக்க வேண்டியது இரண்டாவதை.

பிறேக்கை மட்டும் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் அருகிருக்கத் திறவுங்கள். பழைய பிறேக் துணுக்குகளிற் கல்நார் கலந்திருக்கும்; அத்தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இறப்பர் வளையங்களைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினால் அவை ஊதிக் கெட்டுவிடும். எஞ்சினை முதன்முறை கிளப்பும் நாளில் காரைக் கிடுகுக் கொட்டிலுக்குள் வையாமல் முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து, பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்துக்கொள்ளுங்கள்.