வயித்துல பை வெச்சவரை வீட்டுல பூட்டி வைக்காதீங்க

1/ நாலு மாசம் முன்னாடி ஓபியில ஒரு அம்மா. கணவரை வெளியே பெஞ்சுல உட்கார வெச்சுட்டு, தான் மட்டும் உள்ளே வந்து மெதுவா கேட்டாங்க: "சார், இவரை வெளியில விடலாமா?" ஏதோ ஜெயில் கைதியைப் பத்திக் கேட்கிற மாதிரி. கேள்வி என் மனசுல அப்படியே நின்னுடுச்சு. அதனால இந்த நீண்ட திரெட்.

2/ அவருக்கு வயது 54. டெல்டா பக்கம் விவசாயி. மலக்குடல் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, வயிற்றின் இடது பக்கம் நிரந்தரமா கொலஸ்டமி. புற்றுநோய் அடங்கிவிட்டது. ஆனா ஆறு மாசமா மனுஷன் கொல்லைப்புறத்து அறையில. தனித் தட்டு, தனி டம்ளர். பேரன் பக்கத்துல போகக்கூடாது. வயலைக் கண்ணால பார்த்தே ஆறு மாசம்.

3/ உயிரைக் காப்பாத்தினது நாங்க. அந்த உயிரைக் கொல்லைப்புறத்துல அடைச்சது யாரு? குடும்பம் மட்டும்னு சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அது பொய். நானும் என் சக மருத்துவர்களும் அதுல கூட்டாளிகள். எப்படின்னு வர்றேன்.

4/ முதல்ல, இது என்னன்னு பார்ப்போம். குடலின் ஒரு முனையை வயிற்றுச் சுவர் வழியா வெளியே கொண்டுவந்து தைக்கிறோம். அந்த வாய்க்குப் பெயர் ஸ்டோமா. கிரேக்க மொழியில ஸ்டோமான்னாலே வாய்தான். பெருங்குடல்னா கொலஸ்டமி. சிறுகுடல்னா இலியோஸ்டமி. சிறுநீருக்குன்னா யூரோஸ்டமி. சிலருக்குத் தற்காலிகம், சிலருக்கு நிரந்தரம்.

5/ ஸ்டோமா நம்ம வாயின் உட்புறம் மாதிரி சிவப்பா, ஈரமா இருக்கும். தொட்டா வலிக்காது. துடைக்கும்போது ஒரு சொட்டு ரத்தம் வரலாம், பயம் வேண்டாம். அது புண் இல்லை. தொற்றுநோய் இல்லை. தனித் தட்டு வைக்க ஒரு காரணமும் இல்லை. பேரனைத் தூக்கி மடியில வெச்சுக்கலாம்.

6/ பொய் நம்பர் 1: "பை வெச்சா வாழ்க்கையே முடிஞ்சுது." இந்தப் பொய்க்கு விலை உயிர். என்னிடம் வந்த இன்னொருவர், வயது 46. ஆபரேஷன் செய்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருந்த கட்டி. பை என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுந்து போனவர், எட்டு மாசம் கழிச்சு திரும்ப வந்தார். அப்போ கல்லீரல் வரை பரவியிருந்தது.

7/ அவர் பயந்தது புற்றுநோய்க்கு இல்லைங்க. ஊர் என்ன சொல்லும்ங்கிறதுக்கு. ஊர் வாய்க்குப் பயந்து, வயித்துல ஒரு வாய் வேண்டாம்னு போனார். இதை எழுதும்போது இப்பவும் கோபம் வருது.

8/ பொய் நம்பர் 2: "வாடை வரும், பக்கத்துல உட்கார முடியாது." இன்றைய பைகள் வாடையை வெளியே விடாத படலத்தால் செய்யப்படுபவை. காற்று வெளியேற கரி ஃபில்டர் உள்ள பைகளும் உண்டு. பையைக் காலி செய்யும்போது வாடை வரும், அது யாருக்கும் வர்றதுதான். மற்ற நேரத்துல வாடை வந்தா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். மாத்தணும், அவ்வளவுதான்.

9/ காற்று போகட்டும்னு பையில ஊசியால குத்தாதீங்க. நிறைய பேர் செய்யும் தப்பு இது. மூணுல ஒரு பங்கு, அதிகபட்சம் பாதி நிறையும்போதே காலி பண்ணுங்க. நிரம்பித் தொங்கினா கனத்துல ஒட்டு விட்டுடும். பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, தூங்கப்போறதுக்கு முன்னாடி ஒரு தடவை. பழக்கம் ஆயிடும்.

10/ பொய் நம்பர் 3: "தண்ணி படக்கூடாது." படலாம். பையோடயும் குளிக்கலாம், கழட்டிட்டும் குளிக்கலாம். ஆபரேஷன் காயம் நல்லா ஆறினபிறகு நீச்சலும் அடிக்கலாம். பையைக் காலி செய்துட்டு, ஃபில்டர் மேல அதற்கான ஸ்டிக்கரை ஒட்டிட்டு இறங்குங்க. ஒட்டப்போற இடத்துல மட்டும் தேங்காய் எண்ணெய், பவுடர் வேண்டாம். ஒட்டாது.

11/ பொய் நம்பர் 4: "இனி வேலைவெட்டி கூடாது." ரால்ஃப் பெனிர்ஷ்கே என்று ஒரு அமெரிக்க கால்பந்து வீரர். சான் டியாகோ சார்ஜர்ஸ் அணியில பந்தை உதைப்பவர். 1979இல் குடல் அழற்சி நோய் முற்றி ஆபரேஷன், வயிற்றில் பை. 1980இல் திரும்ப மைதானத்துக்கு வந்தார். அதற்குப் பிறகும் பல சீசன் ஆடினார்.

12/ நம்ம ஆளு அமெரிக்கா போக வேண்டாம், வரப்புல நடந்தா போதும். நடை முதல் வாரத்திலிருந்தே. கனமான வேலை, ஆறு முதல் எட்டு வாரம் கழிச்சு, உங்க சர்ஜன் பார்த்துச் சொன்னபிறகு. மூட்டையை ஒரேயடியா தூக்கினா ஸ்டோமா பக்கத்துல ஹெர்னியா வரும். அந்த ரிஸ்க் எப்பவும் இருக்கு. வயிற்று பெல்ட் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும்.

13/ வெயில்ல வேலை செய்றவங்க கவனிங்க. வியர்வையில ஒட்டு சீக்கிரம் விடும். கோடையில கொஞ்சம் முன்னாடியே மாத்துங்க. உதிரிப் பைகளை வண்டி டிக்கியிலோ வெயில்ல நிற்கும் காரிலோ வைக்காதீங்க, பசை இளகிடும். வெளியூர் போனா, அளவு வெட்டின பை இரண்டு, துணி, தண்ணி பாட்டில், ஒரு கவர். கையில இருக்கிற பையிலதான், பஸ் டாப்புல ஏத்துற மூட்டையில இல்லை.

14/ இலியோஸ்டமி உள்ளவங்களுக்கு ஸ்பெஷல் எச்சரிக்கை. உங்களுக்குத் தண்ணியோட உப்பும் வெளியே போகுது. வெறும் தண்ணியா குடிச்சுத் தள்ளினா பத்தாது. ஓஆர்எஸ் வேணும். உப்பு போட்ட கஞ்சி, மோர் எல்லாம் கூடுதல் துணை. (சிறுநீரக, இதய, பிரஷர் நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுட்டு.) முருங்கைக்காய் சக்கை, கீரைத்தண்டு, தேங்காய்ச் சில்லு நல்லா மென்னு சாப்பிடணும், இல்லைன்னா அடைக்கும்.

15/ இப்போ என் சொந்த ஜாதிக்கு வர்றேன், அதாவது டாக்டர்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளியை உட்காரவெச்சு, நிக்கவெச்சு, குனியவெச்சு ஸ்டோமா எங்கே வரணும்னு மார்க் பண்றோமா? புடவைக் கொசுவம் எங்கே செருகுறாங்க, வேட்டி எங்கே கட்டுறாரு, பெல்ட் எங்கே வருதுன்னு பார்க்கிறோமா?

16/ படுத்த நிலையில வயிறு தட்டையா இருக்கும். உட்கார்ந்தா மடிப்பு விழும். மடிப்புல ஸ்டோமா வந்தா எந்தப் பையும் ஒட்டாது. அஞ்சு நிமிஷ வேலை. அந்த அஞ்சு நிமிஷத்தை நாம மிச்சம் பண்ணினா, நோயாளி மிச்ச வாழ்நாள் பூரா கசிவோட திண்டாடுறார். அப்புறம் "அவர் தைரியம் இல்லாதவர்"னு கேஸ் ஷீட்டுல எழுதுறோம்.

17/ டிஸ்சார்ஜ் அன்னைக்கு "சிஸ்டர் சொல்லித்தருவாங்க"ன்னு போயிடுறோம். சிஸ்டருக்கு யார் சொல்லித்தந்தது? இன்றைய ஒட்டும் பையை 1954இல் யோசிச்சதே எலிஸ் சோரன்சன் என்ற டேனிஷ் நர்ஸ்தான். தங்கச்சி ஸ்டோமாவோட வெளியே போக வெட்கப்பட்டதைப் பார்த்துக் கண்டுபிடிச்சார். இந்தத் துறையில வழி காட்டினவங்க நர்ஸ்கள். நாம அவங்களுக்குப் பயிற்சியும் தர்றதில்லை, நேரமும் தர்றதில்லை.

18/ அடுத்து அரசாங்கம். பை ஒன்று சில நூறு ரூபாய். மாசம் பத்து பதினஞ்சு தேவைப்படலாம். கூலி வேலை செய்றவர் எங்கே போவார்? கேரி பேக்கைத் துணியால கட்டிட்டு என்கிட்ட வந்தவங்களைப் பார்த்திருக்கேன். சுத்தித் தோல் வெந்து போயிருக்கும். ஆபரேஷன் இலவசம், அதுக்கப்புறம் உன் பாடுன்னா அது பாதி வைத்தியம்.

19/ 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கு. ஸ்டோமா உள்ளவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஜப்பானில் நிரந்தர ஸ்டோமா உள்ளவருக்கு மாற்றுத்திறனாளி அட்டை உண்டு. பொதுக் கழிப்பறைகளில் பை கழுவ தனி சிங்க், வாசல்ல தனிக் குறியீடு. நம்ம பஸ் ஸ்டாண்டுக்கு நான் அவ்வளவு கேட்கலை. ஒரு குழாய், ஒரு கொக்கி, சாமான் வைக்க ஒரு தட்டு, ஒரு குப்பைத்தொட்டி. உள்தாழ்ப்பாள் வேலை செய்யணும். முடியாதா?

20/ "நீங்க சுலபமா சொல்லிட்டீங்க டாக்டர், உங்க வயித்துலயா இருக்கு?" நியாயமான கேள்வி. இல்லைதான். கல்யாண வீட்டுல கசிஞ்சு வேட்டி நனைஞ்ச அன்னைக்கு அழுகை வரும். முதல் தடவை கண்ணாடியில பார்க்கும்போது மனசு உடையும். அதையெல்லாம் இல்லைன்னு சொல்ல வரலை. கசிஞ்சா மாத்திக்கலாம். ஆறு மாசம் கொல்லையில போனது திரும்ப வராது.

21/ குடும்பத்துக்கு: பை மாத்துறதை ஒருத்தர் கத்துக்கோங்க, ஆனா அவரே செய்ய விடுங்க. ஸ்டோமாவைவிட இரண்டு மூணு மில்லிமீட்டர் மட்டும் பெரிசா ஓட்டை வெட்டணும். முதல் சில வாரங்கள்ல ஸ்டோமா சுருங்கும், அதனால திரும்பத் திரும்ப அளக்கணும். மூக்கைப் பொத்தாதீங்க. முகம் சுளிக்காதீங்க. அதை அவர் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார்.

22/ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியது எப்போ? ஸ்டோமா கருத்தாலோ நீலம் பாரிச்சாலோ. ஒண்ணும் வெளியே வராம வயிறு உப்பி, வலி, வாந்தி இருந்தா. ரத்தம் நிக்காம வந்தா. இலியோஸ்டமியில தண்ணியா கொட்டி, தலைசுத்தி, சிறுநீர் குறைஞ்சா. இதுக்கெல்லாம் "நாளைக்குப் பார்க்கலாம்" கிடையாது.

23/ அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொன்னேன்? "அம்மா, அவரை உள்ளே கூப்பிடுங்க. விடலாமான்னு அவரையே கேட்போம்." வந்தார். தலை நிமிரவே இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து நானும் சிஸ்டரும் பை மாத்தக் கத்துக்கொடுத்தோம். கடைசியா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பம்புசெட்டுல குளிக்கலாமா சார்?"

24/ போன வாரம் வந்தார். கழுத்துல துண்டு, காலுல சேறு காயலை. அவரைக் கேட்கிறதுக்கு முன்னாடி அந்த அம்மாவே சொன்னாங்க: "வீட்டுலயே தங்கறதில்லை சார். வயலே கதின்னு கிடக்காரு, சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வர்றதில்லை." புகார் சொல்ற மாதிரிதான் சொன்னாங்க. முகத்துல சிரிப்பு.

25/ உங்க தெருவுல, சொந்தத்துல இப்படி ஒருத்தர் அறைக்குள்ள இருக்கலாம். இதை அவங்க வீட்டுக்கு அனுப்புங்க. "ஆபரேஷன் வேண்டாம், பை வெச்சுடுவாங்க"ன்னு யாராவது பயந்தா, அவங்களுக்கும் அனுப்புங்க. முக்கியமா, எங்கேயாவது ஒரு சர்ஜன் ஆபரேஷனுக்கு முன்னாடி மார்க் பண்ண மறந்தா, அவருக்கும் அனுப்புங்க. திட்டு வந்தா நான் வாங்கிக்கறேன்.