டிராவல் பண்ணத் தயாரா?

போன மாசம் ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டுப் போயிருந்தேன். எல்லாம் நல்லாத்தான் போச்சு. கடைசியா ஒரு கேள்வி. "டிராவல் பண்ணத் தயாரா தம்பி?" நான் ரொம்ப உற்சாகமா, "தினமும் பண்றேனே சார்! ஆவடியில இருந்து சென்ட்ரல், அங்கேர்ந்து பஸ், போக வர மூணரை மணி நேரம்"னு சொன்னேன். அவர் சிரிச்சுட்டார். "அது டிராவல் இல்லப்பா. நான் கேக்கறது வெளியூர் ஆடிட்."

வெளியூர் போனா பயணப்படி உண்டாம். ஆவடியில இருந்து வர்றதுக்கு ஒண்ணும் கிடையாதாம். தலையாட்டிட்டு வந்துட்டேன். ஆனா ரயில்ல தொங்கிக்கிட்டு வரும்போது மண்டைக்குள்ள அதேதான் ஓடிச்சு. அப்ப நான் தினமும் பண்றதுக்குப் பேர் என்ன?

நம்மகிட்ட வார்த்தைக்கா பஞ்சம்? சாமி கும்பிடப் போனா யாத்திரை. கல்யாண மாப்பிள்ளை குடையைப் பிடிச்சுக்கிட்டு மண்டப வாசல் வரைக்கும் நடந்தாக்கூட காசி யாத்திரை (மொத்தம் பத்து அடி!). ராஜா வீதியில வந்தா உலா, நாம ஊட்டிக்குப் போனா சுற்றுலா, தலைவர் போனா சுற்றுப்பயணம். குரு நகர்ந்தா பெயர்ச்சி, பறவை போனா வலசை. புரட்டாசியில சவுகார்பேட்டையிலேர்ந்து திருப்பதிக்குப் போற குடைங்க எங்க அம்பத்தூர், ஆவடி வழியாத்தான் போகும், அது ஊர்வலம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணிக்கு நடக்கறாங்களே, அது பாதயாத்திரை. விடியக்காலம் எஸ்டேட் ஷிஃப்டுக்கு நடக்கறவங்க மட்டும் "வேலைக்குப் போறாங்க". அவ்ளோதான்.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு கதை சொல்வாங்க. திருக்கச்சி நம்பி இங்கேர்ந்து காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குத் தினமும் பூ கொண்டு போவாராம். எனக்குத் தெரிஞ்சு எங்க ஏரியாவோட முதல் டெய்லி பாசஞ்சர் அவர்தான். ஆனா அவர் போனதை யாரும் பயணம்னு சொல்றதில்ல, கைங்கரியம்னுதான் சொல்றாங்க. தினமும் போறவரைப் பத்தி மரியாதையாப் பேசணும்னாலும் வேலையைத்தான் சொல்லணும் போல.

பேர்ல என்ன இருக்குன்னு கேக்கலாம். நிறைய இருக்கு. 1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார். தண்டி யாத்திரை மாதிரி அதுவும் நமக்கு யாத்திரை. எட்டு வருஷம் கழிச்சு, 1938 ஆகஸ்ட்ல, அதே திருச்சியிலேர்ந்து இன்னொரு கூட்டம் சென்னைக்கு நடந்தது. கட்டாய இந்தியை எதிர்த்து. (அந்த இந்தியைக் கட்டாயமாக்கினவரும் அதே ராஜாஜிதான்!) அதுக்குப் பேர் தமிழர் படை. ரெண்டுமே கால் வலிக்க நடந்த நடைதான். ஒண்ணுல விபூதி வாசனை, இன்னொண்ணுல போர் முரசு. அவங்கவங்களுக்கு வேணும்கிற பேரை அவங்கவங்க வெச்சுக்கிட்டாங்க.

2020 லாக்டவுன்ல நடந்தவங்களுக்கு அந்த வசதி இல்ல. பஸ்ஸும் கிடையாது, ரயிலும் கிடையாது, கூலியும் நின்னு போச்சு. பீகாரும் ஒடிசாவும் எவ்வளவு தூரம்னு தெரிஞ்சே கிளம்பினாங்க. செய்தியில "சொந்த ஊருக்கு நடைபயணம்"னு போட்டாங்க. 2022 செப்டம்பர்ல கன்னியாகுமரியில ராகுல் காந்தி கிளம்பினப்பவும் அதே நடைபயணம்தான். ராகுல் காந்தி நடந்தது சரியா தப்பாங்கறது என் விஷயமில்ல. ஆனா வழியில சாப்பாடும் படுக்கையும் தயாரா இருக்கிற நடைக்கும், வேற வழியே இல்லாத நடைக்கும் ஒரே வார்த்தை போட்டது எனக்குப் பிடிக்கவே இல்ல.

சரி, நம்ம கதைக்கு வரேன். நான் காமர்ஸ். செலவுன்னா எனக்கு லெட்ஜர்தான் ஞாபகம் வரும். ஆனா பழைய தமிழ்ல செலவுன்னா போறதுன்னு அர்த்தம். செல்றது செலவு, வர்றது வரவு. தொல்காப்பியம் சொல்லதிகாரத்துல ரெண்டும் இந்த அர்த்தத்துல பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருக்கு. பாலைத் திணையில "செலவழுங்குதல்"னு ஒரு துறையே உண்டு. பொருள் தேடிக் கிளம்ப நினைச்ச தலைவன், தலைவி படற வேதனையைப் பார்த்துட்டுப் பயணத்தை நிறுத்திடறது. முதல்ல படிச்சப்ப, செலவைக் குறைக்கிறார் போலன்னு நினைச்சேன். ஹி ஹி.

இன்னொரு வார்த்தையும் இருக்கு, போக்குவரத்து. போறதும் வர்றதும் சேர்ந்தது. எனக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி வார்த்தை. ஆனா இப்ப அது வண்டிங்களுக்குப் போயிடுச்சு. போக்குவரத்துன்னா நெரிசல், போலீஸ், கழகம். உள்ள நிக்கிற ஆளைக் காணோம்.

ஆள் இல்லாததால கணக்குலயும் இல்ல. ஒரு முதலாளி பாரிமுனைக்கு ஆட்டோவுல போனா அந்தக் காசு அவர் லாப நட்டக் கணக்குல ஏறும். எங்கப்பாவோட சீசன் டிக்கெட் எங்கேயும் ஏறாது. சம்பளக்காரங்களுக்குப் போக்குவரத்துப்படியில மாசம் 1,600 ரூபாய்க்கு வரிவிலக்கு இருந்துச்சு. 2018-19ல இருந்து அதை எடுத்துட்டு, மருத்துவச் செலவையும் சேர்த்து மொத்தமா 40,000 கழிச்சுக்கோன்னு சொல்லிட்டாங்க. கூட்டிக் கழிச்சா நஷ்டம் இல்ல, தெரியும். ஆனா வீட்டுலேர்ந்து வேலைக்கு வர காசு ஆகும்னு ஒத்துக்கிட்ட ஒரு வரி இருந்துச்சே, அது போயிடுச்சு.

அதனாலதான் 2021 மே மாசம் வந்த மகளிர் இலவச பஸ்ஸை எனக்குப் பிடிக்கும். 2023ல அதுக்கு "விடியல் பயணம்"னு பேர் வெச்சாங்க. விடியல்ல கட்சி வாசனை தூக்கலா அடிக்குது, மறுக்கல. மாசம் சராசரியா 888 ரூபாய் மிச்சமாகுதுன்னு மாநிலத் திட்டக் குழு ஆய்வு சொன்னது. அந்த 888ஐ யாராவது உக்காந்து எண்ணினாங்களே, அதுவே பெருசு. டப்பாவும் பையுமா ஆர்டினரி பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போறதைப் பயணம்னு அரசாங்கமே எழுதிடுச்சு. எங்கம்மாகிட்ட இதைச் சொன்னேன். "பயணமாவது ஒண்ணாவது, உக்கார சீட்டு கெடச்சா போதாதா"ன்னாங்க.

என்னைக் கேட்டா "அன்றாடச் செலவு"ன்னு வெச்சுக்கலாம். பழைய அர்த்தத்துக்கும் சரி, புது அர்த்தத்துக்கும் சரி.

இன்டர்ன்ஷிப் கெடச்சிருச்சு, வர்ற திங்கக்கிழமை சேரணும். நிரப்பச் சொல்லி ஒரு படிவம் குடுத்திருக்காங்க. அதுல "பயண விவரம்"னு ஒரு கட்டம். வெளியூர் போறவங்களுக்கு மட்டும்னு பொடி எழுத்துல போட்டிருக்கு. நான் ஆவடி - சென்ட்ரல் - ஆவடின்னு எழுதிட்டேன். அடிச்சா அடிக்கட்டும்.